லண்டனுக்குப் படிக்கப் போகிறீர்களா? பெட்டி கட்டுவதற்கு முன் பெயரைப் பாருங்கள்

பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் கையில் வந்துவிட்டது. செப்டெம்பரில் வகுப்பு. கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ வவுனியாவிலோ இருந்து வெளிக்கிட வேண்டும். இந்தக் கட்டத்தில் நிற்பவருக்குத்தான் இந்தக் குறிப்பு. எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, ஆங்கிலப் பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்பதெல்லாம் இதில் இல்லை. அதைச் சொல்ல யூரியூப்பில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

கடிதம் வந்த கையோடு எல்லாரும் ஜக்கெற் விலை விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அது கடைசி வாரத்து வேலை. முதல் மாதம் முழுக்கத் தாள் வேலை, அதிலும் பெயர் வேலை.

1. பெயர்

கடவுச்சீட்டு, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்கள், பட்டம் முடித்தவரென்றால் பட்டச் சான்றிதழ், வங்கிப் புத்தகம். எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறது என்று ஒரு கொப்பித் தாளில் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுங்கள்.

‘தர்சிகா’ என்ற பெயரை எடுப்போம். பாடசாலையில் ஓ.எல் விண்ணப்பம் நிரப்பிய ஆசிரியர் ‘ரி எச்’ என்று தொடங்கியிருப்பார். அடையாள அட்டையில் ‘டி எச்’ என்று இருக்கும். நடுவில் வரும் ‘சி’க்கு ஓரிடத்தில் ‘எஸ் ஐ’, இன்னோரிடத்தில் ‘எஸ் எச் ஐ’. தமிழில் வாசித்தால் ஒரே பிள்ளை. விசா அதிகாரியின் மேசையில் மூன்று பேர்.

கடவுச்சீட்டு இன்னும் எடுக்காதவருக்கு வழி இலகு. அடையாள அட்டையும் ஓ.எல் சான்றிதழும் ஒத்துப்போனால் அதே எழுத்திலேயே கடவுச்சீட்டுக்கு விண்ணப்பியுங்கள். ஒத்துப்போகாவிட்டால் முதலில் கிராம சேவகர் ஊடாக அடையாள அட்டையைத் திருத்துங்கள், பிறகு கடவுச்சீட்டு. வவுனியாவிலேயே குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. இதற்கென்று பத்தரமுல்லைக்கு ஓடத் தேவையில்லை.

கடவுச்சீட்டு ஏற்கெனவே இருந்தால் அதில் உள்ள எழுத்தே இனி உங்கள் பெயர். மற்றத் தாள்களில் உள்ள வேறுபாட்டுக்கு, ‘இந்தப் பெயர்களால் குறிக்கப்படுபவர் ஒருவரே’ என்று ஆங்கிலத்தில் ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள். இங்கே நடக்கும் தவறு ஒன்றுதான். ‘எனது பெயர் பலவாறு எழுதப்பட்டுள்ளது’ என்று பொதுவாக எழுதி முத்திரை குத்தி வாங்கி வந்துவிடுவார்கள். அது போதாது. ஒவ்வொரு தாளின் பெயரும், அதன் இலக்கமும் அல்லது சுட்டெண்ணும், அதில் உள்ள எழுத்துக்கூட்டலும் தனித்தனி வரியாக அதில் இருக்க வேண்டும். கொப்பித் தாளில் எழுதிய பட்டியல் இதற்குத்தான்.

அடுத்தது குடும்பப் பெயர். நாங்கள் அப்பாவின் பெயரை முன்னுக்கும் சொந்தப் பெயரைப் பின்னுக்கும் எழுதுகிறவர்கள். வெள்ளைக்காரருக்குப் பின்னுக்கு வருவது குடும்பப் பெயர். அதனால் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பலர் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். மேல் வரியில் ‘எல் கே ஏ’ என்ற மூன்று எழுத்துக்குப் பிறகு வருவது குடும்பப் பெயர். சேர்ந்தாற்போல் இரண்டு அம்புக்குறி வந்த பிறகு இருப்பது மற்றப் பெயர். விசா விண்ணப்பம், விமான ரிக்கற், விடுதி எல்லாம் இந்த ஒழுங்கைத்தான் பின்பற்ற வேண்டும்.

பல்கலைக்கழகம் காஸ் இலக்கம் (உங்களைச் சேர்த்துக்கொள்வதை உறுதிப்படுத்தி விசாவுக்கென்று தரும் இலக்கம்) அனுப்பியதும் பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் மூன்றையும் இதே வரியோடு ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் விசாப் பணம் கட்டுவதற்கு முன் பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். திருத்தித் தருவார்கள். பணம் கட்டிய பிறகு சொன்னால் இழுபறி.

பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். கொடுக்கும்போதே கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, ‘பெயரை இந்த எழுத்தில் போடுங்கோ’ என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் தன் காதுக்குக் கேட்டபடி நான்காவது எழுத்துக்கூட்டல் ஒன்றைக் கண்டுபிடிப்பார். இடப்பெயர்வில் மூலப்பிரதி தொலைந்தவர்கள் பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுத்த பிறகு மொழிபெயர்ப்புக்குப் போங்கள். பழைய மங்கல் போட்டோக் கொப்பியை வைத்துச் செய்ய வேண்டாம்.

வவுனியாவில் பட்டம் படித்தவர்களுக்கு ஒரு சேர்க்கை. 2021 ஆகஸ்ட் 1 முதல்தான் அது வவுனியாப் பல்கலைக்கழகம். அதற்கு முன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். நடுவில் படித்தவர்களின் தாள்களில் இரண்டு பெயரும் வரலாம். பதிவாளரிடம் ஒரு பக்க விளக்கக் கடிதம் வாங்கிச் சேர்த்துவிடுங்கள், கேள்வி வராது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் முடித்து முதுமாணிக்குப் போகிறவர்கள் ‘ஏராஸ்’ சான்றிதழ் (சில தொழில்நுட்பப் பாடங்களைப் படிக்கப் பிரித்தானிய அரசாங்கம் தரும் பாதுகாப்பு அனுமதி) தேவையா என்று பல்கலைக்கழகத்திடம் இப்போதே கேளுங்கள். சில பாடங்களுக்கு அது கட்டாயம். கட்டணம் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் எடுக்கும்.

2. காசு: 28 நாள்

விசா நிராகரிப்புகளில் மனம் வெறுக்கச் செய்வது இதுதான். காசு இருக்கும், காட்டிய முறை பிழைத்திருக்கும்.

காட்ட வேண்டியது முதல் வருடப் படிப்புக் கட்டணத்தில் இன்னும் கட்டாத மீதி, அத்தோடு 9 மாதச் சீவியச் செலவு. 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண், லண்டனுக்கு வெளியே 1,171 பவுண். 9 மாதத்துக்கு முறையே 13,761, 10,539. எங்கட ஊரில் லிவர்பூலுக்குப் போனாலும் ‘பிள்ளை லண்டனில’ என்றுதான் சொல்வோம். கணக்குப் போடும்போது அப்படிப் போடாதீர்கள், மூவாயிரம் பவுண் வித்தியாசம். விண்ணப்பிக்கும் நாளில் அந்தத் தொகை எவ்வளவென்று பிரித்தானிய அரசாங்க இணையத்தளத்தில் மறுபடி பாருங்கள்.

இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள்கூடக் கீழே இறங்கக் கூடாது. 27ஆம் நாள் யாரோ அவசரத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் எடுத்து அடுத்த நாளே திருப்பிப் போட்டாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. 28ஆம் நாள் முடிந்து 31 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ரூபாயைப் பவுணாக மாற்றுவது விண்ணப்பிக்கும் நாளின் விலையில். ஆகவே தேவையான தொகைக்கு மேல் பத்து வீதமாவது கூட வையுங்கள்.

யாருடைய கணக்கு? உங்களுடையது, பெற்றோருடையது, சட்டப்படியான பாதுகாவலருடையது செல்லும். கனடா மாமாவின் கணக்கும் பாரிஸ் அண்ணாவின் கணக்கும் செல்லாது. அவர்கள் உதவுவதென்றால் காசை உங்கள் கணக்குக்கு அனுப்பட்டும். வந்து சேர்ந்த நாளிலிருந்து 28 எண்ணுங்கள். சீட்டுக் காசு, அடகில் உள்ள நகை, காணி உறுதி எதுவும் கணக்கில் வராது. வங்கி நாட்டின் ஒழுங்குமுறை அதிகாரத்தின் கீழ் இருக்க வேண்டும், கணக்கு கணினியில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் கூட்டுறவுக் கிராமிய வங்கிப் புத்தகத்தை நம்பி இருக்காதீர்கள். வர்த்தக வங்கி ஒன்றின் சாதாரண சேமிப்புக் கணக்குத்தான் பாதுகாப்பு.

இனித்தான் எங்கள் பக்கத்தில் அடிக்கடி கால் தடுக்கும் இடம். அம்மாவின் கணக்கைக் காட்டுகிறீர்கள் என்று வையுங்கள். அம்மாவின் சம்மதக் கடிதமும், உறவைக் காட்ட உங்கள் பிறப்புச் சான்றிதழும் தேவை. பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் அவருடைய அப்பாவின் பெயரோடு இருக்கும். வங்கிப் புத்தகத்தில் கணவரின் பெயரோடு இருக்கும். பார்ப்பவருக்கு இவர்கள் இரண்டு பெண்கள். திருமணச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, அம்மாவுக்கும் ஒரு சத்தியக்கடதாசி என்று தாள் கூடிக்கொண்டே போகும். திருமணம் பதியாத குடும்பமென்றால் இன்னும் சிக்கல்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, காசை உங்கள் சொந்தப் பெயரில் உள்ள கணக்குக்கு மாற்றி 28 நாள் வைப்பது. உறவுச் சான்று வேண்டாம், சம்மதக் கடிதம் வேண்டாம். வீட்டில் ‘பிள்ளையின்ர பேரில அவ்வளவு காசோ’ என்று தயங்குவார்கள். விளங்கப்படுத்துங்கள்.

‘பாலன்ஸ் காட்டித் தாறம்’ என்று வருகிறவர்களிடம் போகவே வேண்டாம். பொய்த் தாள் பிடிபட்டால் பத்து வருடத் தடை வரும்.

3. காசநோய்ப் பரிசோதனை, விசா

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பென்றால் காசநோய்ச் சான்றிதழ் கட்டாயம். கொழும்பில் ஐ.ஓ.எம் (சர்வதேச புலம்பெயர்வு அமைப்பு) நிலையத்தில் எடுக்க வேண்டும், வெளி எக்ஸ்ரே செல்லாது. சான்றிதழ் ஆறு மாதம் செல்லுபடியாகும். கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். படத்தில் பழைய தழும்பு ஏதாவது தெரிந்து சளிப் பரிசோதனை கேட்டால் முடிவு வர எட்டு வாரம்வரை போகலாம். 28 நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதை முடிப்பது நல்லது.

வகுப்புத் தொடங்க ஆறு மாதம் இருக்கும்போதே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக மூன்று வாரம். விசா விண்ணப்பத்தோடு கட்டும் சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண். ஒரு வருட முதுமாணிக்குப் படிப்பு முடிந்த பின்னும் நான்கு மாதம் விசா தருவதால் இன்னொரு அரை வருடத்துக்கும் கட்ட வேண்டும், மொத்தம் 1,164. இதைக் கணக்கில் எடுக்காமல் இருந்துவிட்டு, 28 நாள் காசிலிருந்து எடுத்துக் கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. தனியாக வையுங்கள்.

இப்போது கடவுச்சீட்டில் ஒட்டும் விசா கிடையாது, ஈ-விசாதான். மின்னஞ்சலில் வரும் இணைப்பில் கணக்குத் திறந்து, கடவுச்சீட்டை அதில் இணைத்து, பெயரும் திகதியும் சரியா என்று பாருங்கள். அதையும் அச்சடித்து வையுங்கள்.

4. பெட்டி

ஜக்கெற் ஒன்று போதும், தடித்தது இங்கே வாங்க வேண்டாம். கிளிநொச்சிக் கடையில் உள்ளது நுவரெலியாக் குளிருக்குச் சரி. அங்கே பழைய உடுப்பு விற்கும் தொண்டுக் கடைகளில் நல்லது மலிவாகக் கிடைக்கும். நீர் புகாத சப்பாத்து மட்டும் அளவு பார்த்து இங்கிருந்தே கொண்டு போங்கள்.

அடப்ரர் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். இங்கே இப்போது விற்கும் தட்டையான மூன்று முள் பிளக்தான் அங்கேயும், மின்னழுத்தமும் 230 வோல்ற். உருண்டை முள் உள்ள பழைய சார்ஜரை விட்டுவிட்டு, தட்டை முள் மல்ரி பிளக் ஒன்றை வையுங்கள். பவர் பாங்க் கைப்பொதியில்தான், பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது. 20,000 எம்.ஏ.எச் என்றால் 3.7 வோல்றால் பெருக்க 74 வோற் மணி. எல்லை 100, ஆகவே போகலாம்.

சாப்பாட்டில் இறைச்சியும் பால் பொருளும் தடை. அம்மா தரும் நெய்ப் போத்தலும் பால்மாவும் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலை, முருங்கையிலை, மாம்பழம் வேண்டாம். வறுத்த மிளகாய்த் தூள், ஒடியல் மா, பனங்கட்டி கொண்டு போகலாம். தூளை இரட்டைப் பையில் போட்டு ரேப் சுற்றுங்கள், வெடித்தால் ஆறு மாதத்துக்குப் புத்தகமெல்லாம் மணக்கும்.

தாள்கள் எல்லாம் கைப்பொதியில். சிறுவயது தடுப்பூசி அட்டையையும் எடுத்து வையுங்கள், அங்கே மருத்துவரிடம் பதியும்போது கேட்பார்கள்.

அங்கே போன பிறகு சிலர் மாட்டுப்பட்டதால் சேர்ப்பது: உங்கள் இலங்கை சிம்முக்கு ரோமிங்கை இங்கேயே போடுங்கள். வங்கியின் ஓ.ரி.பி அந்த நம்பருக்குத்தான் வரும். அப்பாவின் பெயரில் உள்ள சிம் என்றால் முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

5. இறங்கிய பிறகு

ஒரு வருடப் படிப்புக்கு வகுப்புத் தொடங்க ஒரு மாதம் முன்புவரை இறங்கலாம். காஸில் உள்ள கடைசிச் சேர்வுத் திகதிக்குப் பிந்தக் கூடாது. இலங்கைக் கடவுச்சீட்டுக்குத் தானியங்கிக் கதவு திறக்காது, அதிகாரி இருக்கும் வரிசையில் நில்லுங்கள். காஸ், காசநோய்ச் சான்றிதழ், தங்குமிட முகவரி கையில் இருக்கட்டும்.

முதல் வருடம் பல்கலைக்கழக விடுதியே மேல். தனியார் அறைக்குப் படம் பார்த்துக் காசு அனுப்ப வேண்டாம். இங்கிலாந்தில் பிறகு திருப்பித் தரும் முற்பணமாக (டிப்பொசிற்) ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்க முடியாது, வீட்டுக்காரர் அதே வீட்டில் இல்லாவிட்டால் வாங்கியதை 30 நாளுக்குள் அரசாங்கம் ஏற்ற பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். தமிழ் வீடென்றாலும் அந்தச் சான்றைக் கேளுங்கள்.

முதல் வாரத்திலேயே பல்கலைக்கழகத்தில் பதிவு, பிறகு அவர்கள் தரும் கடிதத்தோடு வங்கிக் கணக்கு, பக்கத்து மருத்துவரிடம் பதிவு. வேலை கேட்கும் கடைக்கு ஈ-விசாக் கணக்கிலிருந்து, வேலை செய்ய உரிமை உண்டென்று காட்டும் ‘ஷெயார் கோட்’ எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒன்பது எழுத்து, வேலைக்கானது ‘டபிள்யூ’வில் தொடங்கும், 90 நாள் செல்லும்.

பட்டப் படிப்பு, முதுமாணி மாணவர் தவணைக் காலத்தில் வேலை செய்யலாம் என்பது வாரம் 20 மணித்தியாலம், வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு வருட முதுமாணிக்காரர் கோடையை விடுமுறை என்று நினைத்து முழுநேரம் வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள். ஆய்வுக் கட்டுரை எழுதும் அந்த மாதங்களும் தவணைதான், 20 மணித்தியாலம்தான். ஆப்பில் சாப்பாடு விநியோகிப்பது சுயதொழில் கணக்கில் வரும், மாணவர் விசாவில் ஒரு மணித்தியாலம்கூடச் செய்யக் கூடாது. அண்ணாவின் சிநேகிதர் தன் கணக்கை ஓடத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வீட்டுக்குப் பேசும் நேரம்: இறங்கும்போது அவர்கள் நாலரை மணித்தியாலம் முன்னே இருப்பார்கள். ஒக்ரோபர் கடைசி ஞாயிறு அங்கே மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்புவதால் ஐந்தரை ஆகிவிடும். அம்மாவிடம் முதலே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அன்றிரவு உங்கள் அழைப்பைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கூட விழித்திருப்பார்.