ஆண்-பெண் ஈர்ப்புக்குப் பரிணாமத்தைச் சாட்சிக்கு இழுக்கும்போது செய்யும் தவறுகள்

“ஆண் பல பெண்களை நாடுவான், பெண் வசதியைப் பார்ப்பாள், பரிணாமம் அப்படித்தான் படைத்திருக்கிறது.” வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த வரியை நம்பிப் பெண் பார்ப்பவர்களும், மாப்பிள்ளையை எடைபோடுபவர்களும், கட்டிய மனைவியைச் சந்தேகிப்பவர்களும் இருக்கிறார்கள். ஈர்ப்புக்குப் பரிணாம வேர் உண்டு என்பதில் ஐயமில்லை. மயில் தோகை போன்றவற்றை விளக்க 1871இல் டார்வின் விரித்துச் சொன்ன பாலியல் தேர்வு (இணையைக் கவரவோ இணைக்காகப் போட்டியிடவோ உதவும் பண்புகள் தலைமுறைதோறும் பெருகுவது) இன்றும் உயிரியலின் தூண்களில் ஒன்று. ஆனால் அந்தத் தூணில் ஆளாளுக்கு ஆணியடித்து எதையெதையோ மாட்டிவிட்டார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒரு பழக்கம் ஏன் தோன்றியது என்பது ஒரு கேள்வி. அதைச் செய்கிறவர் மனதில் என்ன ஓடுகிறது என்பது வேறு கேள்வி. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த நிக்கோ டின்பெர்கன் 1963இலேயே இவற்றைத் தனித்தனியாகக் கேட்கச் சொன்னார். இனிப்பில் ஆற்றல் அதிகம் என்பதால் நம் முன்னோர் நாக்கு அதை விரும்பும்படி ஆகியிருக்கலாம்; அதற்காகப் பாயசம் குடிப்பவர் கலோரிக் கணக்கா போடுகிறார்? “அவள் உன் மரபணுவைத்தான் எடைபோடுகிறாள்” என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றாக்கிவிட்டார் என்று பொருள்.

பழ ஈக்களை எண்ணியதில் நேர்ந்த பிழை

ஆணுக்கு இணைகள் கூடக்கூடப் பிள்ளைகள் கூடும், பெண்ணுக்கு ஒரு இணையே போதும் என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் ஆதாரம், 1948இல் இங்கிலாந்தில் ஆங்கஸ் ஜான் பேட்மேன் வெளியிட்ட பழ ஈச் சோதனை. ஒரு குடுவையில் 3 அல்லது 5 ஆண் ஈக்கள், அதே எண்ணிக்கையில் பெண் ஈக்கள். டிஎன்ஏ சோதனை இல்லாத காலம். ஆகவே கண்ணால் பார்த்தாலே அடையாளம் தெரியும்படி ஒவ்வொரு ஈக்கும் ஒரு தனி மரபுக் கோளாறு இருக்கும்படி தேர்ந்தெடுத்தார். ஒன்றின் சிறகு சுருண்டிருக்கும், இன்னொன்றின் தலை சிறுத்திருக்கும். பிறந்த ஈயில் தெரியும் கோளாறுகளை வைத்து அப்பா இன்னது, அம்மா இன்னது என்று குறித்துக்கொண்டார்.

இந்த முறையில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பெற்றோர் ஒவ்வொருவரின் கோளாறும் பாதிப் பிள்ளைகளுக்குப் போகும். அதனால் பிள்ளைகளில் கால் பங்குக்கு இரண்டு கோளாறும், கால் பங்குக்கு அப்பாவுடையது மட்டும், கால் பங்குக்கு அம்மாவுடையது மட்டும் இருக்கும். மிச்சக் கால் பங்குக்கு ஒன்றும் இராது. 2012இல் பட்ரீசியா கொவாட்டியும் குழுவினரும் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது, இரண்டு கோளாறும் சேர்ந்த ஈக்கள் எதிர்பார்த்த கால் பங்குக்கு வரவில்லை. பல, வளர்வதற்கு முன்பே செத்துப்போயிருந்தன. அப்பா, அம்மா இருவரையும் அடையாளம் காட்டக்கூடியவை அந்த ஈக்கள்தான். அவை விழுந்தவுடன், இணை சேர்ந்த ஈயும் இணை சேராததாகப் பதிவாகிவிடும்.

பேட்மேனின் பழைய அட்டவணையிலேயே இதற்குத் தடயம் இருந்தது. பிள்ளைகளுக்கு அம்மா பெயரில் இருந்ததைவிட அப்பா பெயரில் பதிவு அதிகம். ஒரு பிள்ளைக்கு ஒரு அப்பா, ஒரு அம்மாதான் உண்டு. இரண்டு பத்தியையும் கூட்டினால் சமமாக வந்தே தீர வேண்டும். பல பத்தாண்டுகள் இந்தச் சோதனை கேள்வியின்றிப் பாடப்புத்தகங்களில் இருந்தது.

இதைப் படித்துவிட்டு, இணைகள் கூடினால் ஆணுக்குத்தான் பிள்ளைகள் கூடும் என்ற கருத்தே பொய் என்று முடிவுகட்டுவதும் தவறுதான். பல விலங்குகளில் அது உண்மையாகவே பொருந்துகிறது. 1972இல் உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ் அதைச் செம்மைப்படுத்தினார்: பிள்ளைக்காக அதிகம் செலவிடுகிற பால் பொறுக்கித் தேர்ந்தெடுக்கும், மற்றது போட்டியிடும். அது பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று விதி இல்லை. நம் ஏரிகளில் தாமரை இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண். உருவில் பெரிய பெண் பறவை, ஒரே பருவத்தில் பல ஆண்களுக்கு முட்டையிட்டுக் கொடுத்துவிட்டுப் போகும். மனிதக் குழந்தையோ ஆண்டுக்கணக்கில் பிறர் கையை நம்பியிருக்கிறது. தந்தையும் செலவிடுகிறார், அதனால் மனிதரில் இரு பாலும் பொறுக்குகின்றன.

சராசரியை எதிரில் நிற்பவர் மேல் ஏற்றுவது

உளவியலாளர் டேவிட் பஸ் 1989இல் வெளியிட்ட ஆய்வு 37 பண்பாடுகளில் 10,047 பேரிடம் கேட்டது. ஆண்கள் தோற்றத்துக்கும், பெண்கள் சம்பாதிக்கும் திறனுக்கும் சராசரியாகக் கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள். பகிர்வுகளில் இது மட்டும் வரும். அதே ஆய்வில் இரு பாலாரும் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தது அன்பையும் அறிவையும். இது ஏன் விட்டுப்போகிறது என்று கேளுங்கள்.

“ஆண்களுக்கும் பெண்களுக்கும் வித்தியாசம் இருக்கிறது” என்று எந்த ஆய்வு சொன்னாலும் கேட்க வேண்டிய எண் ஒன்று உண்டு. இரண்டு சராசரிகளின் இடைவெளியை எடுத்து, ஆட்களுக்குள் இருக்கும் பரவலின் அளவான திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். விடை 0.5 என்று வைத்துக்கொள்வோம். உளவியலில் இது நடுத்தர வித்தியாசம். கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆண், ஒரு பெண் என 100 இணைகளை எடுத்தால், 64 இணைகளில் அந்தப் பொதுவிதி பொருந்தும். 36இல் தலைகீழாக இருக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் இருப்பவர் அந்த 36இல் ஒருவரா என்பதைச் சராசரி சொல்லாது.

வாயால் சொல்லும் விருப்பத்தை நடத்தையாக எடுத்துக்கொள்வதும் இதோடு சேர்ந்த தவறு. பால் ஈஸ்ட்விக்கும் ஈலை ஃபிங்கலும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாணவர்கள் முதலில் தங்கள் எதிர்பார்ப்பைத் தாளில் எழுதினார்கள், பிறகு சில நிமிடச் சந்திப்புகளில் பலரோடு பேசினார்கள். தாளில் எழுதியதை வைத்து, யாரை யாருக்குப் பிடித்தது என்று கணிக்க முடியவில்லை.

0.7 என்ற எண்

இடையின் ஒடுங்கிய இடத்தை அளந்து, இடுப்பின் அகன்ற இடத்து அளவால் வகுத்தால் வரும் விகிதம் 0.7 ஆக இருக்கும் பெண்களை ஆண்கள் விரும்புகிறார்கள் என்று 1993இல் தேவேந்திர சிங் காட்டினார். உடனே அது உலகப் பொது அழகெண் ஆகிவிட்டது. 1998இல் பெருவின் மட்சிகெங்கா மக்களிடம் கேட்டபோது, வெளித்தொடர்பு மிகக் குறைந்த ஊரில் அதிக விகிதம் கொண்ட, சதைப்பற்றான உடலையே விரும்பினார்கள். தான்சானியாவின் ஹட்சா ஆண்களும் முதலில் 0.7ஐப் பொருட்படுத்தவில்லை. ஆனால் காட்டப்பட்டவை முன்பக்கமாக வரைந்த படங்கள். 2005இல் பக்கவாட்டுப் படங்களைக் காட்டியதும், பின்பக்கம் எடுப்பாக, அதாவது பக்கவாட்டில் விகிதம் குறைவாக இருந்த உருவங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். படம் எந்தக் கோணத்தில் வரையப்பட்டது என்பதே முடிவைப் புரட்டியிருக்கிறது. எந்த ஆய்வைப் படித்தாலும் யாரிடம் கேட்டார்கள், எதைக் காட்டினார்கள் என்ற இரண்டையும் தேடிப் படியுங்கள்.

வாசனைப் புட்டியை வாங்குவதற்கு முன்

பெரோமோன் (ஓர் உயிர் வெளிவிட்டுத் தன் இனத்தின் இன்னொன்றை ஈர்க்கும் வேதிப்பொருள்) என்ற சொல்லோடு விற்கப்படும் நறுமணங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். பட்டுப்பூச்சியில் அது உண்மை: 1959இல் அடால்ஃப் புட்டெனான்ட் அந்த வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தே காட்டினார். மனிதரில் அப்படி ஒரு பொருள் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. பல விலங்குகள் பெரோமோனை உணரும் மூக்கு உறுப்புக்குத் தேவையான ஒரு முக்கிய மரபணு நம்மிடம் செயலிழந்து கிடக்கிறது.

1995இல் கிளாஸ் வெடெகிண்ட் செய்த டி-ஷர்ட் சோதனையைத்தான் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 44 ஆண்கள் இரண்டு இரவு அணிந்த சட்டைகளை 49 பெண்கள் முகர்ந்தார்கள். நோய் எதிர்ப்பு மரபணுக்கள் தங்களிடமிருந்து வேறுபட்டவரின் மணம் பிடித்திருந்தது, கருத்தடை மாத்திரை எடுத்தவர்களுக்கு எதிர்மாறாக இருந்தது. அழகான ஆய்வு. ஆனால் பின்வந்த சோதனைகள் ஒருமித்த விடை தரவில்லை. கருத்தரிக்கும் நாள்களில் பெண்கள் ஆண்மை மிகுந்த முகத்தை விரும்புவார்கள் என்ற 1999ஆம் ஆண்டுச் செய்தியும் அப்படித்தான் ஆனது. 2018இல் 584 பெண்களின் உமிழ்நீர் ஹார்மோன்களை அளந்து பார்த்த ஆய்வில் அதற்குத் தக்க ஆதாரம் கிடைக்கவில்லை.

குடும்பத்தைக் கெடுக்கும் 30 விழுக்காடு

“10 பிள்ளைகளில் 3 பேருக்கு அப்பா வேறு.” இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி வீட்டுச் சண்டை அடங்கும். ஏற்கெனவே சந்தேகம் வந்து, தந்தைமைச் சோதனைக்குப் போனவர்களிடையே கிடைத்த அளவு ஏறத்தாழ அது. இருமல் மருத்துவமனையில் நிற்பவர்களை எண்ணி, ஊரில் எல்லோருக்கும் இருமல் என்று சொல்வதற்குச் சமம். பெல்ஜியம், நெதர்லாந்துப் பகுதிகளில் சில நூற்றாண்டு வம்சாவளியையும் டிஎன்ஏவையும் ஒப்பிட்ட மார்டன் லார்முசோவின் ஆய்வில், தலைமுறைக்குச் சுமார் 1 விழுக்காடுதான் வந்தது. 19ஆம் நூற்றாண்டு நகரங்களின் ஏழைக் குடும்பங்களில் 6 வரை ஏறியது. நமீபியாவின் ஹிம்பா மக்களிடம் 48. ஆனால் அங்கே அது ஒளிவுமறைவான துரோகம் அல்ல, வழக்கம் இடம் கொடுக்கும் உறவு. ஒரே மனித இனத்தில் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும்போது “இயற்கை அளவு” என்று ஒன்றைச் சொல்ல முடியாது.

வசதியான விலங்கைப் பொறுக்கி எடுப்பதும் வேண்டாம். ஆணாதிக்கத்துக்குச் சிம்பன்சியைக் காட்டுபவர், நமக்கு அதே அளவு நெருங்கிய பொனோபோ என்ற குரங்கினத்தில் பெண்கள் கை ஓங்கியிருப்பதைச் சொல்வதில்லை. மற்றவற்றை அடக்கிக் கூட்டத்தை ஆளும் “ஆல்ஃபா” ஓநாய் என்ற கதை, கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுந்தது. காட்டில் ஓநாய்க்கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள்தான் என்று அந்தச் சொல்லைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மீச்சே 1999இல் எழுதினார்.

பிறவியில் வந்தது என்றால் மாறாது என்று நினைப்பது

எட்வர்ட் வெஸ்டர்மார்க் 1891இல் சொன்னது: சிறு வயதில் ஒன்றாக வளர்ந்தவர்களிடையே பிறகு ஈர்ப்பு எழுவதில்லை. இஸ்ரேலின் கிப்புட்ஸ் என்ற கூட்டுப்பண்ணைக் குடியிருப்புகளில் பிறந்தவர்களின் 2,769 திருமணங்களை 1971இல் ஜோசப் ஷெஃபர் ஆராய்ந்தார். முதல் ஆறு ஆண்டுகளும் ஒரே குழந்தைகள் குழுவில் இடைவிடாமல் வளர்ந்த இருவர் மணந்ததாக ஒன்றுகூட இல்லை. இரத்த உறவு இல்லாத பிள்ளைகள் அவர்கள். உடலுக்கு மரபணுவைப் படிக்கும் கருவி கிடையாது. ஒரே முற்றத்தில் யார் வளர்ந்தார் என்பதை வைத்தே முடிவெடுக்கிறது. பரிணாமம் தந்தது அந்த முடிவெடுக்கும் முறையை. முடிவு வளர்ப்பைப் பொறுத்து மாறுகிறது.

நம் முறைப்பெண் வழக்கத்தை இதோடு வைத்துப் பார்க்கலாம். மாமன் மகள் பெரும்பாலும் வேறு வீட்டில் வளர்கிறாள், கட்டிக்கொள்ளும் முறை. சித்தப்பா மகள் ஒரே கூட்டுக்குடும்பத்தில் வளரக்கூடியவள், தங்கை முறை. மரபணுவில் இருவரும் நம்மோடு பகிர்வது சராசரியாக ஒரே அளவு, 12.5 விழுக்காடு. ஈர்ப்பு எழுகிறது என்பதால் மரபுநோய் ஆபத்து குறைந்துவிடாது: மாமன் மகளை மணந்தால் பிள்ளைக்குக் கடும் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு, மற்றவர்களுக்குள்ள அளவைவிட ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடும். குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு மரபுநோய் இருந்தால், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இருவரும் மரபியல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.