மாநகரப் புள்ளியியல் பகுதியைப் படித்தறிவது எப்படி: ஃபிளாக்ஸ்டாஃபை முன்வைத்து

அமெரிக்காவின் மாநகரப் புள்ளியியல் பகுதி ஒன்றை அறிந்துகொள்ள விரும்புபவர், அதன் பெயரிலுள்ள நகரத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அது எந்தெந்தக் கவுண்டிகளால் (மாநிலத்தின் உட்பிரிவுகள், நம் மாவட்டம் போன்றவை) ஆனது என்பதை முதலில் பார்க்க வேண்டும். குறைந்தது 50,000 பேர் வாழும் நகர்ப்புற மையம் அமைந்த கவுண்டி முழுவதும் அதில் அடங்கும். வேலைக்கான அன்றாடப் போக்குவரத்து 25 விழுக்காடேனும் மையத்தோடு பிணைந்திருந்தால் அண்டைக் கவுண்டியும் சேரும். கவுண்டியைத் துண்டாடிச் சேர்ப்பதில்லை என்பதால், ‘மாநகரம்’ என்ற சொல் பாலைவனத்தையும் மலையையும்கூடத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது.

அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் பகுதி இதற்குத் தெளிவான சான்று. இது கோகொனினோ என்ற ஒரே கவுண்டியால் ஆனது. அதன் பரப்பு சுமார் 48,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,45,101. அவர்களில் 76,831 பேர் ஃபிளாக்ஸ்டாஃப் நகரிலேயே வாழ்கின்றனர். ஆகவே, சதுர கிலோமீட்டருக்கு மூன்று பேர் என்ற சராசரியை நம்பி எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

அடுத்து நில அமைப்பு வரைபடத்தை விரியுங்கள். சாலைகளை விரலால் தொடர்ந்து பார்ப்பது மிகவும் பயன் தரும். கிராண்ட் கேன்யன் என்ற பெரும் பள்ளத்தாக்கு கவுண்டியை ஊடறுத்துக் கிடப்பதால், யூட்டா எல்லையருகே உள்ள ஃபிரெடோனியாவிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃபுக்கு வர வேண்டுமானால், கொலராடோ நதியை நவஹோ பாலத்தில் கடந்து, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் சுற்றி வர வேண்டும். ஹவசுபாய் பழங்குடி மக்களின் சூபாய் கிராமத்துக்குச் சாலையே கிடையாது; தபால் இன்றும் கோவேறு கழுதைகளின் முதுகில்தான் இறங்குகிறது.

மூன்றாவதாக, பழங்குடி நிலங்களின் எல்லைகளை அதே வரைபடத்தின் மேல் பொருத்திப் பாருங்கள். இப்படிச் செய்யாமல் இங்குள்ள சமூகங்களைப் பற்றிப் பேசவே முடியாது என்பது என் உறுதியான கருத்து. கவுண்டி மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் பழங்குடியினர். நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சி நிலமான நவஹோ தேசம் மூன்று மாநிலங்களில் பரந்திருக்க, அதன் மேற்குப் பகுதி மட்டுமே இங்கு வருகிறது. எனவே இப்பகுதியின் எண்களை நவஹோ மக்கள் அனைவருக்கும் பொருத்திவிடக் கூடாது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் கோடைகால நேரமாற்றத்தை நவஹோ தேசம் பின்பற்றுகிறது. அரிசோனாவின் பிற பகுதிகளும் ஹோப்பி பழங்குடி மக்களும் பின்பற்றுவதில்லை. அதனால் கோடையில், நவஹோக்களின் டூபா சிட்டியில் மணி பத்து என்றால், அதை ஒட்டியே இருக்கும் ஹோப்பி கிராமமான மோயன்கோபியில் மணி ஒன்பது. ஃபிளாக்ஸ்டாஃபுக்கு வடக்கே 12,633 அடி உயரம் வரை எழும் சான் பிரான்சிஸ்கோ சிகரங்களை இவ்விரு மக்களும் புனிதமாகப் போற்றுகின்றனர்.

இதன் பிறகே அட்டவணைகளுக்குச் செல்லுங்கள். கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் இப்பகுதியின் எண் 22380. கவுண்டியின் எண் 04005, அதில் 04 அரிசோனாவைக் குறிக்கும். சிற்றூர்களுக்கு, ஐந்து ஆண்டுகளின் தரவைச் சேர்த்துக் கணிக்கப்படும் ஐந்தாண்டு மதிப்பீடுகளையே எடுத்து, பக்கத்தில் தரப்பட்டுள்ள பிழை வரம்பையும் சேர்த்துப் படியுங்கள்.

பழைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போது எல்லை மாறியுள்ளதா என்று கட்டாயம் பாருங்கள். 2000 கணக்கெடுப்பில் யூட்டாவின் கேன் கவுண்டியும் இப்பகுதியில் இருந்ததால் அன்றைய மொத்தம் 1,22,366 என்று பதிவாகியுள்ளது. இன்றைய எண்ணோடு ஒப்பிட வேண்டியது அதையன்று; கோகொனினோவின் 1,16,320 என்ற எண்ணையே.