பயோடேட்டாவில் ‘நன்கு தெரியும்’ என்று எழுதுவதற்கு முன்

கும்பகோணத்தில், மகாமகக் குளத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். 2004 மகாமகத்துக்குச் சில மாதம் முன்னால் ஆரம்பித்தது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, மனு, அப்புறம் பயோடேட்டா. கல்லூரித் தேர்வு முடிந்த மாதங்களில் பயோடேட்டாவுக்கென்றே வரிசை நிற்கும்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ரொம்ப நாள் என் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பயோடேட்டாதான் இருந்தது. பெயர், அப்பா பெயர், மார்க் மட்டும் மாற்றுவேன். ‘எம்எஸ் ஆபீஸ், டேலி, இண்டர்நெட் நன்கு தெரியும்’ என்பதும் ‘பொழுதுபோக்கு: கிரிக்கெட், பாட்டுக் கேட்பது’ என்பதும் எல்லாருக்கும் பொது. திருச்சியில் ஓர் இண்டர்வியூவுக்கு என்னிடம் அடித்த இரண்டு பையன்கள் அடுத்தடுத்து உள்ளே போயிருக்கிறார்கள். கேள்வி கேட்டவர் இரண்டு தாளையும் மேஜைமேல் சேர்த்து வைத்து, “இதுல எதாவது உன்னோடதா தம்பி?” என்றாராம். இரண்டாவதாகப் போன பையன் வந்து என்னிடம் சண்டைகூடப் போடவில்லை. சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம்தான் ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு அடிக்கிறேன். அந்தக் கேள்விகளை வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு பென்சிலை அண்ணனிடமோ அக்காவிடமோ கொடுங்கள். தாளில் ஒவ்வொரு வரியிலும் பென்சிலை வைத்து மூன்றே கேள்வி கேட்கட்டும்: இதை எங்கே செய்தாய்? எத்தனை தடவை? கடைசியாக எப்போது? மூன்றுக்கும் பதில் வந்தால் வரி இருக்கட்டும். ‘காலேஜ்ல ஒரு தடவை சொல்லிக் குடுத்தாங்க’ என்று இழுத்தால் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள், அல்லது உண்மை அளவுக்குக் குறைத்து எழுதுங்கள்.

பாபநாசம் பக்கத்துப் பெண் ஒருத்தி, பி.காம். ‘டேலியில் ஒரு வருட அனுபவம்’ என்று எழுதச் சொன்னாள். டேலி என்பது கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேர். படித்தது மூன்று மாத வகுப்பு. நானும் அடித்துக் கொடுத்துவிட்டேன். ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுத ஆள் கேட்டிருந்தார்கள். முதலாளி பேச்சே வைத்துக்கொள்ளவில்லை, கீபோர்டை அவள் பக்கம் திருப்பி, “நேத்து மோட்டாருக்குக் காயில் கட்டினதுக்கு 4,500 ரூபாய் ரொக்கமா குடுத்தோம். எண்ட்ரி போடும்மா” என்றிருக்கிறார். பேமெண்ட்டுக்கான எஃப்5 அழுத்தி, லெட்ஜர் தேடி, சரியாகத்தான் போட்டிருக்கிறாள். தேதியை மட்டும் 1 என்று போட்டுவிட்டாள். டேலியைக் காசு கட்டாமல் பழகுகிற எஜுகேஷன் மோடில் மாதத்தின் 1, 2 மாதிரி ஒரு சில தேதியில்தான் எண்ட்ரி விழும். வகுப்பில் பழகிய கை தானாக அங்கே போயிருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டே, “எண்ட்ரி சரியாத்தானே போட்டே, அப்புறம் எதுக்கு ஒரு வருஷம்னு எழுதினே?” என்று கேட்டாராம். வேலை போனது எண்ட்ரியால் இல்லை.

இப்போது அவள் தாளில் இப்படி இருக்கிறது:

‘டேலி பிரைம்: மூன்று மாத வகுப்பு. பேமெண்ட், ரிசிப்ட், சேல்ஸ், பர்ச்சேஸ் எண்ட்ரிகளைத் தனியாகப் போடுவேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்ததில்லை.’

கடைசி வாக்கியத்தைப் பார்த்து அவளுடைய அப்பா என்னிடம் கோபித்துக்கொண்டார். இல்லாததை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பெரிய கம்பெனிக்கு ஆன்லைனில் போடுவதென்றால் அந்த வாக்கியத்தை விட்டுவிடலாம், தெரியாததையெல்லாம் பட்டியல் போட யாரும் கேட்கவில்லை. ஆனால் முதலாளியே தாளைப் படிக்கிற கடை, மில், ஆடிட்டர் ஆபீஸ் என்றால் எழுதுங்கள் என்பேன். அதைப் பார்த்தவர் மேலே உள்ள வரியை நம்புவார். ஜிஎஸ்டி தெரியும் என்று எழுதினால், மாதாமாதம் போடுகிறவர்களுக்கு விற்பனை விவரம் தருகிற ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னுக்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 11-ம் தேதி, வரி கட்டுகிற 3பி ரிட்டர்னுக்கு 20-ம் தேதி என்பதாவது தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.

டைப்ரைட்டிங் படித்தவர்கள் ‘டைப்பிங் நன்றாக வரும்’ என்று எழுதாதீர்கள். அரசுத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்கள். ‘ஆங்கிலம் ஹையர், தமிழ் லோயர்’ என்று பாஸான வருடத்தோடு போடுங்கள். ஆங்கிலத்தையும் வாசிப்பேன், எழுதுவேன், பேசுவேன் என்று பிரித்து எழுதினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இத்தனை வருடத்தில் நான் பார்த்த வேடிக்கை ஒன்று உண்டு. இல்லாததைக் கூட்டி எழுதுகிறவர்கள்தான் இருப்பதை விட்டுவிடுகிறார்கள். வலங்கைமான் பக்கத்துப் பையன் ஒருவன் ‘லீடர்ஷிப், டீம் ஒர்க்’ என்றெல்லாம் போடச் சொன்னான். டிகிரி முடித்து ஒரு வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டேன். “சும்மாதான் இருந்தேன் அண்ணே. சம்பா அறுப்புக்கு டிபிசில எடுபிடியா நின்னேன்” என்றான். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நிற்பது சும்மா இருப்பதா? கேட்கக் கேட்க வருகிறது: ஈரம் பார்க்கிற மெஷினில் நெல்லைப் போட்டு, 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் களத்தில் காயவைக்கச் சொல்வது, 40 கிலோ மூட்டையாக எடை பிடிப்பது, சீரியல் நம்பர்படி விவசாயிகளைக் கூப்பிடுவது, வரிசையில் சண்டை வந்தால் சமாதானம் செய்வது. லாரி வராத நாளில் மழை வந்து, அடுக்கின மூட்டையை ராத்திரியோடு ராத்திரியாகத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறான். அவன் கேட்ட லீடர்ஷிப்பை எடுத்துவிட்டு இதை நாலு வரியில் எழுதினேன். நெல் சம்பந்தப்பட்ட எந்த இடத்திலும் இதைப் பற்றி அவனால் பத்து நிமிஷம் தடுமாறாமல் பேச முடியும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும். மாமா கடையில் ஸ்டாக் எடுத்தது, மகளிர் சுயஉதவிக் குழு நோட்டை அம்மாவுக்காக எழுதியது என்று யோசித்துப் பாருங்கள்.

வேலை பார்த்த காலத்தை நீட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பிஎஃப் பிடித்திருந்தால் உங்கள் யுஏஎன் (பிஎஃப் நம்பர்) கணக்கில் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் இருக்கும். ஆறு மாதத்தை ஒன்றரை வருடமாக்கினால் அங்கே இடிக்கும். லெட்டர்பேட் மாதிரி ஒன்று அடித்து அனுபவச் சான்று தரச் சொல்லி மாதம் ஒருவராவது என்னிடம் வருகிறார். இரு மடங்கு காசு தருகிறேன் என்பார்கள். மாட்டினால் அவரோடு நானும் சேர்ந்து போக வேண்டியதுதான்.

இண்டர்வியூவில் தெரியாதது வந்தால் முழிக்காமல், ‘இது செய்ததில்லை சார். இதுக்குக் கிட்டத்துல இதைச் செஞ்சிருக்கேன்’ என்று செய்த ஒன்றைச் சொல்லுங்கள். ‘சீக்கிரம் கத்துக்குவேன்’ என்பதை எல்லாரும் சொல்கிறார்கள். போன தடவை ஒன்றை எத்தனை நாளில் கற்றுக்கொண்டீர்கள் என்று சொல்லிப் பாருங்கள். அனுப்பிய அதே தாளை எடுத்துக்கொண்டு போங்கள். திருச்சி பஸ் திருவெறும்பூர் தாண்டுவதற்குள் இன்னொரு முறை படித்துவிடலாம்.

பிரிண்ட் எடுத்ததும் கடையிலேயே நின்று வாசியுங்கள், என்னையும் நம்பாதீர்கள். போன மாதம் ஒரு பெண்ணின் தாளில் பழைய ஃபைலிலிருந்து ‘கிரிக்கெட், பாட்டுக் கேட்பது’ அப்படியே வந்துவிட்டது. “எனக்கு கிரிக்கெட்டே பிடிக்காதுண்ணா, நான் கேரம் ஆடுவேன்” என்றாள். எவ்வளவு ஆடுவாய் என்று கேட்டேன். காலேஜ் டீமில் மூன்று வருஷம் ஆடியிருக்கிறாள். தாளில் அது எங்கேயும் இல்லை.