வண்டியோடு சென்னைக்கு: ரயிலில் ஏற்றுவது முதல் கத்திப்பாராவில் திரும்புவது வரை

வேலை உத்தரவு கையில் கிடைத்ததும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியது. இரண்டாவது கேள்வி வண்டியைப் பற்றியது. "அதை இங்கேயே விற்றுவிட்டு அங்கே போய் வேறு வாங்கிக்கொள்" என்றார் அப்பா. நான்கு வருடம் ஓட்டிய 150 சிசி வண்டி. அதன் ஒவ்வொரு முனகலும் எனக்குத் தெரியும். புதிய ஊரில் புதிய வண்டியையும் சேர்த்துப் பழக வேண்டுமா என்று தோன்றியது. கூடவே கொண்டுவந்துவிட்டேன். அதில் நான் பட்ட பாடும் கற்றதும்தான் இந்தப் பதிவு. ஓட்டத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். கியர் மாற்றுவதையெல்லாம் விளக்கப் போவதில்லை.

படி 1: ஓட்டிக்கொண்டே வருவதா, ரயிலா?

தென்கோடி மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் கிடையாது. பெட்ரோல் செலவு மட்டும்தான். ஆனாலும் வேண்டாம் என்பேன். சுற்றுலா போவது வேறு, குடிபெயர்வது வேறு. முதுகில் பெரிய பையோடு, உடம்பு களைத்த நேரத்தில், ஊர்களிலிருந்து திரும்பும் ஆம்னி பஸ்களோடு சேர்ந்து பெருங்களத்தூருக்குள் நுழைவது சென்னைச் சாலைக்கு நல்ல அறிமுகம் அல்ல. ரயிலில் ஏற்றிவிடுங்கள்.

படி 2: ரயிலில் ஏற்றுவது

இரண்டு வழிகள் உண்டு. நீங்களும் அதே ரயிலில் போகிறீர்கள் என்றால் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்யலாம். நீங்கள் போகாவிட்டால் பார்சலாக அனுப்பலாம். பார்சல் அடுத்தடுத்த ரயில்களில் எப்போது இடம் கிடைக்கிறதோ அப்போது வரும். லக்கேஜுக்குக் கட்டணம் சற்றுக் கூடுதல் என்றாலும் நான் அதையே சொல்வேன்.

இதில் யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று: ரயில் புறப்படும் நிலையத்தில் ஏற்றி, அது முடியும் நிலையத்தில் இறக்குவது போலத் திட்டமிடுங்கள். இடையில் இரண்டு நிமிடம் நிற்கும் நிலையத்தில் ஒரு மோட்டார் சைக்கிளைத் தூக்கி ஏற்ற முடியாது. உங்கள் ஊர் சிறிய நிலையம் என்றால் வண்டியைப் பக்கத்துச் சந்திப்புக்கு ஓட்டிச் சென்றுவிடுங்கள்.

ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) நகல், அடையாள அட்டை நகல், டிக்கெட் நகல் ஆகியவற்றில் இரண்டு பிரதிகள் வேண்டும். ரயில் புறப்படுவதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் முன்பே பார்சல் அலுவலகத்தில் இருங்கள். சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டித் தருபவர்கள் பெரும்பாலும் வாசலிலேயே இருப்பார்கள். அவர்கள் டேங்கை நன்றாகச் சுற்றுவார்கள், ஆனால் இண்டிகேட்டரையும் பிரேக் லீவர் முனையையும் மறந்துவிடுவார்கள். கண்ணாடிகளை நீங்களே கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய துணியை இண்டிகேட்டரில் சுற்றி நூலால் கட்டுங்கள். நான் இதைச் செய்யவில்லை. இடப்பக்க முன் இண்டிகேட்டர் கழுத்து முறிந்த கோழிபோலத் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. வண்டி எண், புறப்படும் ஊர், சேரும் ஊர் ஆகியவற்றை அட்டையில் எழுதி முன்னும் பின்னும் கட்ட வேண்டும். மார்க்கர் மை மழையில் கரையும். மேலே அகல டேப் ஒட்டுங்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள். வண்டி வந்து சேர்ந்த பிறகு எடுக்கத் தாமதித்தால் தனியாகக் கட்டணம் ஏறும்.

படி 3: பெட்ரோல்

நான் சறுக்கிய முதல் இடம் இதுதான்.

ரயிலில் ஏறும் வண்டியின் டேங்க் காலியாக இருக்க வேண்டும். இது பேச்சுக்குச் சொல்லும் விதியல்ல; தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் டேங்குக்கு அடியில் குழாயை உருவிக் கேனில் பிடித்துவிடலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை எஃப்.ஐ. வகை, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சுபவை. அவற்றில் திருகி மூடும் குழாய் இல்லை. டேங்குக்குள்ளேயே மின்பம்ப் உட்கார்ந்திருக்கும். ஆகவே மேல் மூடி வழியாகத்தான் எடுக்க வேண்டும். வாயால் உறிஞ்ச வேண்டாம். கையால் அமுக்கும் குமிழ் வைத்த குழாய் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அதைவிட எளிய வழி, ஒரு வாரத்துக்கு முன்பே பெட்ரோல் போடுவதை நிறுத்திவிட்டு ஓட்டித் தீர்ப்பது. அதற்காக வழியில் நிற்கும்வரை வறட்டி ஓட்டாதீர்கள். எஃப்.ஐ. பம்ப்பைக் குளிர வைப்பதே அந்தப் பெட்ரோல்தான். ரிசர்வ் வந்ததும் ஓட்டுவதை நிறுத்தி, மிச்சத்தைக் குழாயால் எடுங்கள்.

சரி, காலி செய்தாயிற்று. இறங்கும் ஊரில்? காலை ஆறரை மணிக்கு எழும்பூரில் வண்டியை எடுத்து, சாக்கையெல்லாம் பிரித்துப் போட்டு, சாவியைத் திருகிய பிறகுதான் எனக்கு அந்த ஞானம் வந்தது. முதுகில் பை, கையில் ஹெல்மெட், கீழே உயிரில்லாத 140 கிலோ. பங்க் வரை உருட்டினேன். பாட்டிலில் தர மாட்டார்கள் என்பதால் வண்டியோடு போவதே சரியாகவும் இருந்தது. இரண்டு லிட்டர் போட்டுச் செல்ஃப் ஸ்டார்ட்டரை அமுக்கினேன். இழுத்தது, பிடிக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். பேட்டரி சோர்ந்த குரலில் முனகியது.

பங்க்கில் இருந்த பெரியவர் குழாயை மாட்டிவிட்டு வந்தார். "அமுக்காதே தம்பி. சாவியைப் போடு. உள்ளே ஒரு சத்தம் வருகிறதா? அது நின்றதும் அணை. மறுபடி போடு."

மூன்று முறை செய்தேன். ஒவ்வொரு முறையும் டேங்குக்குள்ளிருந்து கொசு ரீங்காரம் போல இரண்டு விநாடிச் சத்தம் வந்தது. அது பம்ப் குழாயில் பெட்ரோலை நிரப்பும் சத்தம். நான்காம் முறை ஸ்டார்ட்டரைத் தொட்டதுமே பிடித்துக்கொண்டது. காலியான எஃப்.ஐ. வண்டியில் பெட்ரோல் போட்டால் முதலில் சாவி, பிறகுதான் ஸ்டார்ட்டர்.

படி 4: காகிதங்கள்

தமிழ்நாட்டுக்குள்ளேயே இடம் மாறுகிறவர்களுக்குத் தடையில்லாச் சான்று, மறுபதிவு, மறுபடி சாலை வரி என்ற தலைவலிகள் இல்லை. ஆனால் நிரந்தரமாகக் குடிபெயர்ந்தால் 30 நாளுக்குள் ஆர்.சி.யில் முகவரி மாற்றக் கோர வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. படிவம் 33. பரிவாஹன் என்ற அரசுப் போக்குவரத்து இணையதளத்தில் தொடங்கலாம். கடன் முடியாத வண்டி என்றால் கடன் கொடுத்தவரின் ஒப்புதலும் தேவை.

அதற்கும் முன்பாக, ஆர்.சி.யில் எந்தக் கைபேசி எண் இருக்கிறது என்று பாருங்கள். என்னுடையதில் வண்டி வாங்கிய கடைக்காரர் அவசரத்தில் எழுதிவிட்ட ஏதோ ஓர் எண் இருந்தது. ஓ.டி.பி. யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. அபராதச் செய்தியும் அங்கேதான் போகும்; உங்களுக்குத் தெரியாமலே கணக்கு ஏறிக்கொண்டிருக்கும். எண்ணை மாற்ற சேஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளைக் கேட்கும், ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

உரிமம், ஆர்.சி., காப்பீடு ஆகியவற்றை டிஜிலாக்கர் என்ற அரசுச் செயலியில் வைத்திருந்தால் போதும். புகைச் சான்றின் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் யாரும் கேட்டதில்லை என்பது இங்கே எடுபடாது. ஹெல்மெட்டும் அப்படித்தான். 2022 அக்டோபரில் அபராதம் 1,000 ரூபாய் ஆனது. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும். நண்பனை ஏற்றப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது ஹெல்மெட்டையும் ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். பாதி முகம் மூடும் வகையை நான் தொட மாட்டேன். கறுப்புக் கண்ணாடி பகலில் அழகு, இரவில் குருடு.

படி 5: வீடு பார்க்கும்போது வண்டிக்கும் இடம் பாருங்கள்

வாடகை வீட்டில் "பார்க்கிங் உண்டு" என்றால் எங்கே என்று போய் நின்று பாருங்கள். தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் நிறுத்தமா? காவலாளியிடமோ பக்கத்து மளிகைக் கடையிலோ இரண்டே கேள்விகள் கேளுங்கள்: 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எதுவரை வந்தது? தரகர் "இந்தத் தெருவில் தண்ணீரே நிற்காது" என்பார். கடைக்காரர் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார். நான் கடைக்காரரை நம்பி வேறு வீடு பார்த்தேன். மிக்ஜாமுக்கு முன் வேளச்சேரியில் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியதை எல்லோரும் பார்த்தோம். இருசக்கர வண்டிக்கும் அதே யோசனைதான்: எச்சரிக்கை வந்த அன்றே மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.

சைலன்சர் மூழ்கிய வண்டியைத் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். என்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் அந்த ஒரு முயற்சியிலேயே கனெக்டிங் ராடு வளையும். ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் மெக்கானிக் வரும்வரை சாவியையே போட வேண்டாம்.

படி 6: கத்திப்பாரா

ஊரில் வலப்பக்கம் போக வேண்டும் என்றால் என்ன செய்வோம்? வலது இண்டிகேட்டர், நடுக்கோட்டை ஒட்டி நின்று, எதிரே வருபவர் முகத்தைப் பார்த்து, அவர் தலையசைத்ததும் திரும்புவோம். அந்தப் பழக்கத்தோடு முதல் திங்கட்கிழமை வடபழனியிலிருந்து, கிண்டிக்குப் பக்கத்தில் உள்ள கத்திப்பாரா மேம்பாலச் சந்திப்பு வழியாக, விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்தில் உள்ள அலுவலகத்துக்குக் கிளம்பினேன். விமான நிலையம் எனக்கு வலப்பக்கம் என்று வரைபடம் சொன்னது. கைபேசிக் குரலோ "இடப்பக்கம் திரும்பவும்" என்றது. குழம்பி, முதலில் கண்ணில் பட்ட இடப்பக்க வழியில் இறங்கினேன். கிண்டி வந்துவிட்டது. அண்ணா சாலையில், அலுவலகத்துக்கு நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன். மறுநாள் "இந்த முறை ஏமாற மாட்டேன்" என்று வலது ஓரத்தைப் பிடித்தேன். வலது ஓரத்தில் திரும்பவே வழியில்லை. இரண்டு நாளும் தாமதம்.

அந்தச் சனிக்கிழமை காகிதத்தில் வரைந்து பார்த்தபோதுதான் புரிந்தது. கத்திப்பாரா நான்கு இதழ் கொண்ட பூ. அங்கே யாரும் நேரடியாக வலப்பக்கம் திரும்புவதில்லை. ஒவ்வொரு திசையிலிருந்தும் இரண்டு இடப்பக்க வழிகள். குறுக்குச் சாலைக்கு முன் வரும் முதல் வழி, உண்மையிலேயே இடப்பக்கம் போகிறவர்களுக்கு. குறுக்குச் சாலையைக் கடந்த பின் வருவது, வலப்பக்கம் போகிறவர்களுக்கு. அதில் இறங்கினால் இதழைச் சுற்றி முக்கால் வட்டம் அடித்து, வேண்டிய சாலையில் கொண்டுவிடும். ஆகவே வலப்பக்கம் போகிறவரும் இடது தடத்தில்தான் இருக்க வேண்டும். முதல் வழியை மட்டும் விட்டுவிட வேண்டும். வடபழனியிலிருந்து கிண்டிக்கு முதல் வழி, விமான நிலையத்துக்கு இரண்டாவது வழி. அவ்வளவுதான். இதை யாராவது ஒரே வரியில் சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போய் நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு முறை சுற்றினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உங்கள் அலுவலக வழியில் எந்தப் பெரிய சந்திப்பு இருந்தாலும் இப்படி ஒருமுறை காலியாக இருக்கும்போது ஓட்டிப் பாருங்கள். வழியைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான்; ஓரமாக நிறுத்தி எதிர்த்திசையில் பத்தடி உருட்டிக்கொண்டு வரலாம் என்ற ஊர்க் கணக்கு மேம்பாலத்தில் உயிருக்கு ஆபத்து.

கைபேசி தாங்கியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹேண்டில்பார் அதிர்வில் கேமரா கெட்டுப்போன நண்பர்கள் இருக்கிறார்கள். தவிர, கண் சாலையை விட்டு அதற்கே போய்க்கொண்டிருக்கும். என் வழி பழைய வழி: வெள்ளைக் காகித டேப்பில் பேனாவால் எழுதி டேங்கின் மேல் ஒட்டுவேன். "பாலம் தாண்டு – 2ஆவது இடப்பக்க வழி – நேர்." ஒரு மாதத்தில் டேப் தேவைப்படவில்லை.

படி 7: தினசரிச் சில்லறைகள்

நிறுத்தத்தில் நிற்கும் மாநகரப் பேருந்தை இடப்பக்கமாகக் கடக்காதீர்கள். படியிலிருந்து இறங்கும் கால் உங்கள் முன் சக்கரத்தில்தான் இறங்கும். ஷேர் ஆட்டோ கை காட்டிய இடத்தில் நிற்கும், இண்டிகேட்டரைத் தேடாதீர்கள். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் பள்ளத்தின் மேல் இரும்புத் தகடு போட்டிருப்பார்கள். மழையில் அது சோப்புப் போட்ட தரை. பிரேக்கைத் தகட்டுக்கு முன்பே முடித்துக்கொண்டு, வண்டியைச் சாய்க்காமல், ஒரே வேகத்தில் கடந்துவிடுங்கள். பெருமழையன்று துரைசாமி, அரங்கநாதன் போன்ற சுரங்கப்பாதைகளை நம்ப வேண்டாம்; முன்னால் போன வண்டி மறுபக்கம் ஏறுகிறதா என்று பார்க்காமல் இறங்காதீர்கள்.

மழை உடுப்பில் சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக இருப்பதை வாங்குங்கள். போர்வை போன்றது சங்கிலியில் மாட்டும். உதிரிப் பொருள், ஹெல்மெட், பூட்டு எல்லாவற்றுக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு ஒருமுறை போய் வாருங்கள்; விலை பேசலாம். என் இண்டிகேட்டர் அங்கேதான் கிடைத்தது. டிஸ்க் பூட்டு வாங்கினால் அதிலிருந்து ஹேண்டில்பாருக்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டுங்கள். இல்லையென்றால் ஒருநாள் பூட்டோடு வண்டியை எடுத்து, பக்கத்து வண்டிமேல் சாய்வீர்கள். ஆம், சாய்ந்தேன்.

பின்சேர்க்கை: பதிவைப் படித்துவிட்டு ஒரு தங்கை, வண்டி அப்பா பெயரில் இருக்கிறது, ரயிலில் ஏற்ற விடுவார்களா என்று கேட்டிருந்தார். அப்பா கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் அவருடைய அடையாள அட்டை நகலும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஸ்கூட்டர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பங்க் வரை உருட்டும்போது பின்சக்கரம் இறுக்கமாக இருந்தது, எதுவும் பழுதா என்று கேட்கிறார். பழுது இல்லை. சாக்குக் கட்டிய கயிறு ஒன்று பின்பிரேக் லீவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததாம். உருட்டுவதற்கு முன் கயிறு முழுவதையும் வெட்டிவிடுங்கள். அதற்கு ஒரு சின்னக் கத்தரிக்கோல் பையில் இருக்கட்டும். நான் பல்லால் கடித்தேன்.