இன்ஜின் அலறுது, படகு நகரலை: கடைசியில் சிக்கியது ப்ரொப்பெல்லர் புஷ்

மெதுவாகப் போகும்போது என் படகின் பின்னால் மாட்டியிருக்கும் அவுட்போர்டு மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. த்ராட்டிலை முறுக்கினால் மட்டும் இன்ஜின் அலறும், படகு வேகமெடுக்காது. நான்கு நாள் இதிலேயே போனது.

முதலில் பெட்ரோல் ஃபில்டரையும் ஸ்பார்க் ப்ளக்கையும் மாற்றினேன். பயனில்லை. இன்ஜின் சுற்று ஏறிக்கொண்டுதான் இருந்தது, அதனால் கோளாறு அங்கே இல்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். அப்புறம் மோட்டார் உயரமாக நின்று ப்ரொப்பெல்லர் காற்றை இழுக்கிறதோ என்று இறக்கிப் பார்த்தேன். அதுவும் இல்லை. ப்ரொப்பெல்லர் இறக்கை விளிம்பில் இருந்த சின்ன நெளிசலை அரம் போட்டுச் சரிசெய்தேன். அதிர்வு குறைந்தது, அவ்வளவுதான்.

ப்ரொப்பெல்லரின் நடுவில், ஷாஃப்ட் நுழையும் உலோகக் குழாய்க்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் புஷ் இருக்கும். இறக்கை எதிலாவது மோதினால் கியரைக் காப்பது அதுதான். ரப்பர் பிடி விட்டால் கையால் சுற்றும்போது தெரியவே தெரியாது. பாரம் ஏறினால்தான் வழுக்கும். உள்குழாயிலிருந்து வெளிக்கூடு வரை பெயின்ட் மார்க்கரால் ஒரே நேர்க்கோடு இழுத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிவந்தேன். கோடு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி கால் வட்டம் தள்ளி நின்றது. அப்பாடா!

புஷ்ஷை ப்ரெஸ் வைத்திருக்கும் பட்டறையில் மாற்றினேன். திரும்பப் பூட்டும்போது ஷாஃப்ட்டின் பள்ளங்களில் கிரீஸ் தடவி, நட்டு கழலாமல் பிடிக்கும் கோட்டர் பின்னைப் புதிதாகப் போட்டேன். கழற்றியபோது வாஷருக்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தது. அதை விட்டுவைத்தால் ஆயில் சீலை அறுத்துவிடும், தண்ணீர் உள்ளே போய்க் கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்துப்போகும்.