சீப்பான ரேடியோ ட்ரிக்கர் வச்சு ஃபிளாஷ கேமராவ விட்டு வெளிய எடுங்க

பினாங்கு லிட்டில் இந்தியா அஞ்சடியில (கடை முன்னாடி கூரை போட்ட நடைபாதை) சாயங்காலம் கல்யாண ஜோடிய நிக்க வச்சு எடுக்கறீங்கன்னா ஃபிளாஷ கேமரா தலையிலயே வச்சு அடிக்காதீங்க, மூஞ்சி தட்டையாயிடும், பட்டு சேலை ஜரிகையும் வெள்ளையா வெடிச்சுரும்.

ட்ரிக்கர்னா வயர் இல்லாம ரேடியோ சிக்னல்ல ஃபிளாஷ அடிக்க வைக்கற சின்ன கருவி; யோங்நுவோ ஆர்எஃப்-603 மாதிரி மேனுவல் ட்ரிக்கர் (ஃபிளாஷ் பவர நாமளே கையால வைக்கணும்) ஒரு ஜோடி போதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோங்கறதால ஃபிளாஷ் தூணுக்கு பின்னாடி இருந்தாலும் பொதுவா அடிக்கும். ஒன்னு கேமரா மேல, இன்னொன்னு ஃபிளாஷ் அடியில, ரெண்டுலயும் சேனல் ஒன்னா இருக்கணும். மண்டபத்துல இன்னொருத்தர் க்ளிக் பண்ணும்போது உங்க ஃபிளாஷ் அடிச்சா அவரும் அதே சேனல்தான், மாத்திடுங்க.

ஷட்டர்தான் ரொம்ப முக்கியம், 1/200 செகண்ட விட வேகமா வச்சா நெறைய கேமராவுல படத்தோட ஓரத்துல கறுப்பு பட்டை விழும், ஏன்னா ஃபிளாஷ் அடிக்கற நேரம் ஷட்டர் திரை முழுசா திறந்திருக்காது, சீப் ட்ரிக்கர்ல சிக்னல் கொஞ்சம் லேட்டாவும் போகலாம், அதனால நான் 1/160லயே நிப்பேன். பின்னாடி வானம் இன்னும் தெரியணும்னா ஷட்டர மெதுவாக்குங்க, மூஞ்சி வெளிச்சத்துக்கு ஃபிளாஷ் பவர மட்டும் தொடுங்க, 1/16 பவர்ல (முழு பவர்ல பதினாறுல ஒரு பங்கு) ஆரம்பிச்சு பாருங்க.

ஃபிளாஷ ஜோடிக்கு ஒரு பக்கமா, கண்ணுக்கு கொஞ்சம் மேல வைங்க. ஸ்லீப் மோட ஆஃப் பண்ணிடுங்க, சில ட்ரிக்கர் தூங்குன ஃபிளாஷ எழுப்பாது.