ஒருவர் போட்ட மழைக்கோட்டை மறுபடி மழைக்குத் தயாராக்குவது

கோயம்புத்தூரில் பழைய துணி விற்கும் கடை ஒன்றில் 300 ரூபாய்க்கு ஒரு நைலான் மழைக்கோட்டு வாங்கினேன். "ஒரு சொட்டு உள்ளே இறங்காது கண்ணு" என்றார் கடைக்காரர். ஆனி மாதச் சாரலில் அதைப் போட்டுக்கொண்டு வால்பாறைக்கு பைக்கில் கிளம்பினேன். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் காட்சி முனையில் வண்டியை நிறுத்தியபோதே இரண்டு தோளும் தெப்பம். மீதி 31 வளைவுகளையும் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே ஏறினேன்.

வீடு திரும்பி, சோப்பு எதுவும் போடாமல் கோட்டை வெறும் தண்ணீரில் முக்கினேன். வாளி நிறைய நுரை! முன்பு வைத்திருந்தவர் சோப்புத்தூள் போட்டுத் துவைத்திருக்கிறார், சரியாக அலசவில்லை. தண்ணீரைத் துணிக்குள் இழுத்துவிடுவதுதான் சோப்பின் வேலை. அது துணியிலேயே தங்கிவிட்டால் கோட்டு மழையை உறிஞ்சாமல் என்ன செய்யும்? கிழியாத கோட்டு நனைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அழுக்கையும் சோப்பையும்தான்.

கடையிலேயே பார்த்துவிடுங்கள்

கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பி விரலால் அழுத்துங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ, பொடுகு போல வெள்ளைச் செதில் உதிர்ந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உள்ளே பூசியிருக்கும் பாலியூரித்தேன் வருடக்கணக்கில் ஈரக்காற்று பட்டுச் சிதைந்திருக்கிறது. அதற்கு வைத்தியம் கிடையாது, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். வெறும் மக்கல் வாடை என்றால் பயப்பட வேண்டாம், போக்கிவிடலாம்.

மேசை விரிப்பு போலக் கனமாக, வழவழவென்று இருப்பது பிவிசி கோட்டு. அதை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவைத்தால் போதும். இஸ்திரிப் பெட்டியை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. இனி நான் சொல்வதெல்லாம் நைலான், பாலியெஸ்டர் கோட்டுகளுக்கு.

துவைப்பது

பைகளைக் காலி செய்யுங்கள். என் கோட்டில் பழனி பஸ் டிக்கெட் ஒன்று கூழாகிக் கிடந்தது. ஜிப்பைப் பூட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி திரவ சோப்பு கலந்து, கையாலேயே அலசுங்கள். கழுத்துப் பட்டையிலும் மணிக்கட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். அங்கே மட்டும் பழைய பல் துலக்கியால் மெதுவாகத் தேய்க்கலாம். துணியை மென்மையாக்கும் திரவம், பிளீச் இரண்டும் கூடவே கூடாது.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு சேர்ந்தால் வெண்படலமாகப் படியும். கடைசி இரண்டு அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. நுரை முற்றிலும் நிற்கும்வரை அலச வேண்டும், எனக்கு ஐந்து வாளி ஆனது. முறுக்கிப் பிழியாதீர்கள். வாஷிங் மெஷினில் போட்டுச் சுழற்றவும் வேண்டாம். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கோட்டுக்குள் மூட்டையாகத் தேங்கி, இயந்திரமே தடதடவென ஆடிப் பழுதாகலாம்.

மக்கல் வாடையோ பூஞ்சைப் புள்ளியோ இருந்தால், ஒரு பங்கு வினிகரில் நான்கு பங்கு தண்ணீர் கலந்து அந்த இடங்களைத் துடைத்து, அரை மணி நேரம் விட்டு அலசுங்கள். வினிகர் வாடை காயும்போதே போய்விடும். கறுத்த தடம் கொஞ்சம் நிற்கலாம், நிற்கட்டும்.

காயவைப்பது நிழலில், முதலில் உள்பக்கம் வெளியே தெரியும்படி. கிளிப் இரண்டுக்கு நான்காகப் போடுங்கள். அம்மியே பறக்கும் ஆடிக்காற்றில் கோட்டு எம்மாத்திரம்? என்னுடையதைப் பக்கத்து வீட்டு முருங்கை மரத்திலிருந்து இறக்கினேன்.

சூடு காட்டுவது

காய்ந்த கோட்டின் தோளில் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். சேம்பிலை மேல் போல முத்து முத்தாக உருண்டால் வேலை முடிந்தது. துணி கறுத்து நனைந்தால், மேலே இருக்கும் நீர்விலக்கிப் பூச்சு சோர்ந்திருக்கிறது. பை வார் உரசும் தோளில்தான் முதலில் இப்படி ஆகும். அந்தப் பூச்சு சூடு பட்டால் ஓரளவு மீளும். லேபிளில் இஸ்திரிப் பெட்டிப் படத்தின் மேல் பெருக்கல் குறி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பழைய வேட்டித் துண்டு ஒன்றைக் கோட்டின் மேல் விரித்து, மிகக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல், ஓரிடத்தில் நிற்காமல் தேயுங்கள். மறுபடி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். என் கோட்டின் முதுகில் முத்து உருண்டது, தோளில் உருளவில்லை. தோளுக்கு மட்டும் நீர்விலக்கி ஸ்பிரே வாங்கி அடித்தேன். அதைக் கழுவிய துணியில்தான் அடிக்க வேண்டும்; அழுக்கின் மேல் அடித்தால் காசு போச்சு. மொட்டைமாடி போலக் காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள்.

தையல்

கோட்டுக்குள் செய்தித்தாளைத் திணித்துத் தொங்கவிட்டு, தையல்கள் மேல் நான்கைந்து குவளை தண்ணீரை நிதானமாக ஊற்றுங்கள். தாள் எங்கே நனைகிறதோ அங்கே ஒழுகல். தையலின் உள்பக்கம் ஒட்டிய டேப் பெரும்பாலும் அங்கே தூக்கியிருக்கும். தையலை அடைக்கவென்றே விற்கும் பசையை மெல்லிதாகத் தடவி ஒரு நாள் முழுக்க விடுங்கள். நொடியில் ஒட்டும் பசை காய்ந்தால் கண்ணாடி போல விறைத்து, மடிக்கும்போது உடையும்.

நனைந்த கோட்டைச் சுருட்டி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் அடைத்தால் பூஞ்சை திரும்ப வரும். வீட்டுக்கு வந்ததும் உதறி விரித்துப் போடுங்கள். மழைக்காலம் முடிந்தபின் மடித்து அடுக்காமல் தடித்த ஹேங்கரில் தொங்கவிடுங்கள். பையில் அந்துருண்டை வேண்டாம், அந்த வாடை அடுத்த ஐப்பசி வரை போகாது.